ஒட்டு மண்ணுக்கு மேலே

ஜனவரி 12

அன்புள்ள வாலுக்கு,

அண்ணி எழுதுவது. நான் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், முட்டி மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உனக்கு பிரஷர் எப்படி இருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? தலை நரைத்த நாத்தனாரை இன்னும் வால் என்று கூப்பிடுகிறாளே என்று உன் மருமகள் சிரித்தால் சிரிக்கட்டும். நான் கல்யாணமாகி வந்தபோது நீ ஜன்னல் வழியாக எகிறிக் குதித்துப் பள்ளிக்கூடம் போனவள். அந்தப் பெயர் போகாது.

போனில் கூப்பிட்டால் "அப்புறம் பேசறேன் அண்ணி" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அவர் பல் டாக்டராம். கையில் அளக்கிற டேப். சுவரைத் தட்டிப் பார்த்தார், மாடிப்படியை எண்ணினார். அந்த அம்மா உள்ளேயே வரவில்லை. முன்பக்கத்து ரோஜாச் செடிகளையே சுற்றிச் சுற்றி வந்து, "இந்தச் செடிங்களுக்காகவே இந்த வீட்டைப் பிடிச்சிருக்கு" என்றாள். யார் அனுப்பினது என்று கேட்டால் உன் பெயரைச் சொல்கிறார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

எனக்குச் சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா? இருந்தால் நீயே சொல். டேப் வைத்துக்கொண்டு வருகிறவர் வாயால் வேண்டாம்.

மகன், மருமகள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். என் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. மகனும் மருமகளும் சௌக்கியம். தோட்டக்காரர் புல்தரையைச் சீர் பண்ணிக்கொண்டிருக்கிறார், ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தபடிதான் எழுதுகிறேன்.

அண்ணி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டை விற்கிறேன். அப்பா அதை என் பேருக்கு எழுதியது உங்களுக்குத் தெரியும், அண்ணன் இருக்கிற வரைக்கும் நான் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. இப்போது எடுக்க வேண்டியதாகிவிட்டது. காரணத்தை நேரில் பார்க்கும்போது சொல்கிறேன். ஏப்ரல் மாதம் அவர்கள் குடி வருகிறார்கள். உங்கள் மகளின் வீட்டில் லிப்ட் இருக்கிறது, பேத்தி இருக்கிறாள். இந்த வயதில் நீங்கள் தனியாக இருக்க வேண்டிய அவசியம் என்ன?

இன்னொன்று. ரோஜாச் செடிகளைப் பார்த்துத்தான் அவர்கள் சம்மதித்தார்கள். வீடு தோட்டத்தோடு என்று பேசி முடித்திருக்கிறேன். அதுவரை தண்ணீர் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 9

மரியாதைக்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

தாங்கள் சுகமாக இருப்பது தெரிந்து மகிழ்ச்சி. நானும் சுகமே. இனிமேல் இன்னும் சுகமாக இருப்பேன் என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

வீடு தங்களுடையது. உங்கள் அப்பா கட்டினார், உங்களுக்குக் கொடுத்தார். அதில் எனக்கு ஒரு பேச்சும் இல்லை. ஏப்ரல் வரைக்கும்கூட இருக்க மாட்டேன்.

செடி வேறு. செடி நான் வைத்தது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தது உங்கள் அண்ணன், செடிக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றியிருப்பாரா? ஒரே ஒரு நாள் ஊற்றினார், அதுவும் சோப்புத் தண்ணீர். அந்தச் செடியை நான் பிழைக்க வைத்தேன், அவரைத் திட்டிய திட்டு தெருமுனை வரை கேட்டது. கேட்டு வாங்கினது, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது, நர்சரிக்காரனிடம் சண்டை போட்டு மாற்றினது என்று ஒவ்வொன்றுக்கும் என்னிடம் கதை இருக்கிறது. தங்களிடம் பத்திரம்தான் இருக்கிறது. பத்திரத்தில் பூ பூக்காது.

என் மகளும் தங்களைப் போலவே லிப்ட் பெருமை பேசினாள். "பால்கனியில ரெண்டு தொட்டி வெச்சுக்கோம்மா" என்றாள். ரெண்டு தொட்டிக்குப் பதினோரு செடியைச் சுருக்க நான் என்ன ஊறுகாயா போடுகிறேன்?

பேக்கரிக்குப் பின்னால் ஒரு பழைய வீடு காலியாக இருக்கிறது. இரண்டு அறை, ஒரு முற்றம். முற்றத்தில் உடைந்த ரொட்டிப் பெட்டிகளைப் போட்டுவைத்திருக்கிறார்கள், அடியில் நல்ல மண். வாடகை பேசிவிட்டேன், பெட்டிகளை எடுக்கச் சொல்லிவிட்டேன். என்னைக் கேட்காமல் எனக்குக் குழி பறித்தது தாங்கள். நான் செடிக்குத்தான் குழி பறிக்கப் போகிறேன்.

பல் டாக்டரிடம் தாங்களே சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணனின் மனைவி


பிப்ரவரி 20

அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் வாக்குக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. என் முகத்தில் கரி பூசாதீர்கள். அதுவுமல்லாமல், வேர் ஓடின பெரிய செடியைப் பெயர்த்து வைத்தால் பட்டுப் போகும். இந்த வயதில் எதைப் பெயர்த்தாலும் அப்படித்தான், செடிக்கு மட்டும் நான் சொல்லவில்லை.

பெரியவர் நீங்கள், இதற்கு மேல் என்னைப் பேச வைக்காதீர்கள். மீறிக் கை வைத்தால் நமக்குள் இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நாத்தனார்


மார்ச் 5

நாத்தனாருக்கு,

நான் நலம். உன் நலத்தையும் கேட்கிறேன், ஒட்டும் உறவும் இல்லாதவர்களையும் கேட்கலாம் அல்லவா. கோபத்தில் போன தடவை "தாங்கள்" என்று எழுதினேன், கை வலித்தது. மறுபடி "நீ" தான்.

கை வைத்துவிட்டேன்.

முதலில் ஒவ்வொரு செடியிலும் தெருவைப் பார்த்த கிளைக்கு ஒரு சிவப்பு நூல் கட்டினேன். புது இடத்திலும் அந்தக் கிளை அதே திசையைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் செடிக்குத் தலை சுற்றும் என்பது என் கணக்கு. கிளைகளைப் பாதிக்கு வெட்டினேன். சுற்றிலும் மண்ணை ஈரமாக்கி, கடப்பாரையால் நெம்பி, மண் உதிராமல் சாக்கில் கட்டினேன். நான்காவது செடியில் இருக்கும்போது பல் டாக்டரும் அவர் வீட்டம்மாவும் வந்து நின்றார்கள்.

"என்னம்மா இது, செடியைப் பிடுங்கறீங்க?"

"பிடுங்கல. பெயர்க்கிறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"நீங்க பல்லைப் பிடுங்கினா திரும்ப நடுவீங்களா? நான் நடுவேன். அதான் வித்தியாசம்."

அந்த அம்மா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"இதைப் பார்த்துதான் நாங்க வீட்டையே வாங்கினோம்."

"வீட்டைப் பார்த்து வாங்கியிருக்கணும். செடிக்கு என்கிட்ட யாரும் விலை கேக்கலையே."

"உங்க நாத்தனார் சொன்னாங்களே."

"அவ வீட்டைப் பத்தி என்ன சொன்னாலும் சரி. என்னைப் பத்தியும் என் செடியைப் பத்தியும் சொல்ல அவளுக்கு யாரும் பத்திரம் எழுதிக் கொடுக்கல."

போலீசுக்குப் போவேன் என்றார். போங்க, வரும்போது இன்னொரு கடப்பாரை இருந்தா எடுத்துட்டு வாங்க என்றேன். போகவில்லை.

பேக்கரியின் ரொட்டி வண்டி டிரைவர் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு வந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெளிர் மஞ்சளில் பூக்குமே, அது உன் அம்மா வைத்தது. அது என்னுடையது இல்லை. என்னுடையது இல்லாததை நான் தொட மாட்டேன். அதை என்ன செய்வது என்று நீ எழுது.

உன் அண்ணி


ஏப்ரல் 10

வாலுக்கு,

பதில் இல்லை. சரி. நீ நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். எனக்கு இடது முட்டியோடு வலதும் சேர்ந்துகொண்டது, ஒற்றுமையாக இருக்கின்றன.

புது வீட்டுக்கு வந்தாயிற்று. விடியும்போதே ரொட்டி வாசனை வருகிறது, அலாரம் வேண்டாம். முற்றம் சின்னது, வெயில் தாராளம். செடிகளை நன்றாக ஆழமாகவே நட்டேன், இடுப்பளவு செடிக்கு முழங்கால் ஆழம். இனி ஒருத்தரும் வந்து அசைத்துப் பார்க்க முடியாது.

இலை எல்லாம் உதிர்ந்திருக்கிறது. உதிரத்தான் செய்யும். பேக்கரிக்காரருக்கு என்னைக் கிண்டல் பண்ணாமல் பொழுது போவதில்லை. தினம் பின்கதவைத் திறந்து, "பாட்டிம்மா, விறகு நட்டிருக்கீங்களே, என் அடுப்புக்கு எப்ப வெட்டித் தருவீங்க?" என்கிறார். உங்க ரொட்டி வேகறதுக்கு முன்னாடி என் செடி தளிர்க்கும், போய் மாவைப் பிசைங்க என்று அனுப்புகிறேன்.

நகத்தால் பட்டையைக் கீறிப் பார்க்கிறேன். சிலதில் பச்சை இருக்கிறது. சிலதில் தேட வேண்டியிருக்கிறது.

செடிகள் நன்றாக இருக்கின்றன. அம்மாவின் செடியைப் பற்றி நீ இன்னும் சொல்லவில்லை.

உன் அண்ணி


ஏப்ரல் 28

அண்ணிக்கு,

இரண்டு கடிதமும் ஒன்றாகத்தான் கைக்கு வந்தன. நான் சௌக்கியம். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

நீங்கள் செய்தது தப்பு. டாக்டர் என்னை போனில் கூப்பிட்டுப் பேசிய பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பத்திரப் பதிவன்று தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை, போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் முழங்கால் ஆழம் என்று எழுதியிருக்கிறீர்களே, அண்ணி, என்ன காரியம் செய்திருக்கிறீர்கள்? ரோஜாத் தண்டில் அடியில் முண்டாக ஒரு இடம் இருக்குமே, காட்டுச் செடியின் மேல் நல்ல செடியை ஒட்டுக் கட்டின இடம், அது மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புதைத்தால் அழுகும், தளிர் வராது. நான் தோட்டக்கலை ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்த காலம் முழுவதும் ஒவ்வொரு வருஷமும் அந்தத் துண்டுப் பிரசுரத்தை அடித்திருக்கிறேன். "ஒட்டு மண்ணுக்கு மேலே இருத்தல் வேண்டும்." தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். வாழ்க்கையில் ஒரு செடி நட்டதில்லை, அது வேறு விஷயம்.

செடியைத் திரும்பப் பெயர்க்காதீர்கள், தாங்காது. சுற்றியிருக்கிற மண்ணை மட்டும் ஒட்டு தெரிகிற வரை வழித்து எடுங்கள். உங்களுக்காகச் சொல்லவில்லை, செடிக்காக.

அம்மாவின் செடி அங்கேயே இருக்கட்டும். எனக்கு வைக்க இடம் இல்லை.

நாத்தனார்


மே 9

வாலுக்கு,

நான் சுகம். ஒத்தடம் கொடுத்தேன், வலது முட்டி சமாதானமாகிவிட்டது.

மண்ணை வழித்துவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை, எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. சரி, பாதி நீ சொன்னதற்காக. ஒருத்தரும் அசைக்கக் கூடாது என்கிற வீம்பில் கழுத்து வரைக்கும் புதைத்திருக்கிறேன். மூன்று செடி போய்விட்டது. அதைப் பிடுங்கும்போது பேக்கரிக்காரர் பின்கதவில் நின்றிருந்தார், ஆனால் விறகு என்று சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. மீதி எட்டில் ஒட்டு தெரிகிறது. பார்க்கலாம்.

இப்போது நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல். பிப்ரவரியில், தோட்டக்காரர் புல்தரையைச் சீர் பண்ணுவதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன் என்றாய். ஏப்ரலில், ஒரு செடி வைக்க இடம் இல்லை என்கிறாய். மூன்று மாதத்தில் புல்தரை எங்கே போயிற்று? நான் அஞ்சாங்கிளாஸ்தான் படித்தேன், ஆனால் படித்ததை இரண்டு தடவை படிப்பேன்.

பல் டாக்டர் வீட்டுக்குப் போனேன். "எங்க மாமியார் வெச்ச செடி, அவங்க பொண்ணுக்கு வேணும்" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் வீட்டம்மாதான், "பதினொண்ணு போயாச்சு, இது ஒண்ணை வெச்சு என்ன பண்ணப் போறோம், அடுத்த மழைக்கு எனக்கு ஒரு பதியம் போட்டுத் தாங்க" என்று சொல்லி அவளே மண்வெட்டியை எடுத்து வந்தாள். பதியம் தருவதாகச் சொன்னேன். கேட்டால் நான் கொடுப்பேன், கேட்காமல் எடுத்தால்தான் எனக்குப் பிடிக்காது.

டிரைவர் அடுத்த வாரம் மாவு மில்லுக்காக உங்கள் ஊருக்கு வருகிறார். தெருவைப் பார்த்த கிளைக்கு நூல் கட்டி, செடியைச் சாக்கில் கட்டி உன் மகன் வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். இடம் பண்ணு.

உன் அண்ணி


மே 24

என் வாலுக்கு,

இந்தக் கடிதம் புது விலாசத்துக்கு வந்திருப்பதைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். உடம்பு எப்படி இருக்கிறது? இந்தத் தடவை உண்மையைச் சொல்.

டிரைவர் செடியோடு திரும்பி வந்துவிட்டார். உன் மருமகள் கதவைப் பாதி திறந்து, "அவங்க இங்க இல்ல" என்றாளாம். எப்ப வருவாங்க என்று கேட்டதற்கு, "வர மாட்டாங்க" என்று கதவைச் சாத்தினாளாம். வாட்ச்மேன்தான் டிரைவரை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா போன மழைக்காலத்துக்கு முன்னாடியே பெட்டியோடு போயிட்டாங்க, ஜெராக்ஸ் கடை மாடியில ஒரு ரூம்ல இருக்காங்க, கடிதம் வந்தா நான்தான் எடுத்து வெச்சிருப்பேன், அவங்களா வந்து வாங்கிட்டுப் போவாங்க என்று. உன் பதில் ஏன் தாமதமாகிறது என்று நான் எத்தனை தடவை பல்லைக் கடித்திருப்பேன்.

டிரைவர் அங்கேயும் போய்ப் பார்த்தார். பூட்டியிருந்ததாம். செடியை வெயிலில் விட்டுவிட்டு வர மனசில்லாமல் திரும்பக் கொண்டுவந்தார்.

எனக்கு உன் மேல் வருகிற கோபத்துக்கு அளவில்லை. வீட்டை விற்றதற்காக இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே சாவியைக் கொண்டுவந்து கொடுத்திருப்பேன். ரோஜாவை மட்டும் அப்போதும் கொடுத்திருக்க மாட்டேன், அது வேறு. ஆனால் இல்லாத புல்தரையை எனக்கு எழுதிக் காட்டினாயே. உன் அண்ணியை மாடு என்று நினைத்தா அந்தப் புல்லைப் போட்டாய்?

பரிதாபப்பட்டு உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே, எனக்குப் பரிதாபப்பட நேரம் இல்லை. இங்கே இரண்டு அறை இருக்கிறது, எனக்கு ஒன்று போதும். வாடகையில் பாதி உன்னுடையது. உன் அம்மா செடி சாக்கோடு தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதை நான் நட மாட்டேன். அது உன்னுடையது, நீதான் நட வேண்டும். பட்டுப் போனால் பொறுப்பு உனக்கு.

உன் அண்ணி


ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் நேரே கைக்கு வந்தது. பிரஷர் ஏறித்தான் இருக்கிறது. மாத்திரை போடுகிறேன். இதுதான் உண்மை.

நான் ரிட்டயர் ஆன மறுவருஷம் என் மகன் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து, "அந்த வீட்டை இப்பவே என் பேருக்கு மாத்திடுங்கம்மா, பின்னாடி யாரும் அலைய வேண்டாம்" என்றான். எனக்குப் பின்னாடி என்ன என்று அவன் அப்போதே கணக்குப் பார்த்துவிட்டான். மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் உப்பை நகர்த்து என்று சொல்லக்கூட ஆள் இல்லை. பேச்சில்லாத வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை, கிளம்பிவிட்டேன். அந்த வீடு என் பேரில் இருக்கிற வரைக்கும் காகிதம் வந்துகொண்டேதான் இருக்கும் என்று தெரிந்தது. அதனால் விற்றேன். என் பேரில் ஒரு கதவு வாங்க வேண்டும், அதை உள்ளே இருந்து நான் தாழ் போட வேண்டும். மூன்றாவது மாடியில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அங்கே மண் இல்லை.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றால், உங்களை ஒரு பக்கம் வீட்டை விட்டு எழுப்பிக்கொண்டு, இன்னொரு பக்கம் என் கதையைச் சொல்லி அழுதால் அது எனக்கே அசிங்கமாக இருந்தது. வைராக்கியம் உங்களுக்கு மட்டும்தான் சொந்தமா, அண்ணி? அந்த வீட்டில்தானே நானும் வளர்ந்தேன், உங்களைப் பார்த்துக்கொண்டு.

மூன்றாவது மாடிக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை வந்து முற்றத்தைப் பார்க்கிறேன். தங்குவேன் என்று சொல்லவில்லை. ஒட்டு தெரிகிற மாதிரி மண்ணை வழித்திருக்கிறீர்களா, இல்லை என்னைச் சமாதானப்படுத்த எழுதினீர்களா என்று பார்க்க வேண்டும். கட்டைவிரல் அகலமாவது மேலே தெரிய வேண்டும், பிரசுரத்தில் அப்படித்தான் இருக்கும்.

குழி வெட்டி வையுங்கள். எனக்கில்லை, அம்மா செடிக்கு.

உங்கள் வாலு


ஜூன் 9

வாலுக்கு,

முட்டி இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்கின்றன. நீ மாத்திரையையும் பிரசுரத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வா.

ஐந்து செடியில் செம்பு நிறத்தில் தளிர் வந்திருக்கிறது. ஒன்றில் மொட்டே விட்டுவிட்டது, பட்டாணி அளவுதான். பேக்கரிக்காரர் பார்த்துவிட்டு, "பாட்டிம்மா, பூத்ததும் முதல் பூ எங்க கடை கண்ணாடிப் பெட்டி மேல வைக்கத் தருவீங்களா?" என்றார். விறகுக்கு வந்தவருக்குப் பூ கிடையாது, ரெண்டாவது பூவைப் பற்றி வேண்டுமானால் யோசிக்கிறேன் என்றேன். அன்றிலிருந்து நான் வாங்காத பன் எல்லாம் என் வாசலுக்கு வருகிறது.

மூன்று செடி இன்னும் குச்சியாகத்தான் நிற்கிறது. கீறினால் பச்சை இருக்கிறது. நான் விட மாட்டேன்.

குழி வெட்டிவிட்டேன். பட்டுப்போன மூன்று செடி இருந்த இடத்தில் இல்லை, புது இடத்தில், உன் அறை ஜன்னலுக்கு நேராக. உன் அறை என்று எழுதிவிட்டேன், அதை அடித்துத் திருத்தப் போவதில்லை. மற்ற செடிக்கெல்லாம் திசை நான் பார்த்து நட்டேன். உன் அம்மா செடியின் நூல் கட்டின கிளை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று மட்டும் நீ வந்து சொல்.

பிப்ரவரியில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. உறவு இருக்கிறதா இல்லையா என்பதை நீ வந்ததும் உட்கார்ந்து சண்டை போட்டே தீர்மானிக்கலாம், அதற்கு எனக்கு நிறைய நேரம் இருக்கிறது. ஒட்டு இருக்கிறது. கட்டைவிரல் அகலம், மண்ணுக்கு மேலே. வந்து பார்.

உன் அண்ணி